நாலு துண்டு ரப்பர்

சத்தம் போய்விட்டது! இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. மூன்று வருடமாக என் காடியின் பின்பக்கத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருந்த அந்த ‘டுக்’ போயே போய்விட்டது. எங்கள் சந்து முனையில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருக்கும் மேட்டில் மெல்ல ஏற்றிப் பார்த்தேன். இல்லை. வளைத்துக்கொண்டு வந்து இன்னும் கொஞ்சம் வேகமாக ஏற்றினேன். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை வரும்போது மூலைக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தவர்கள் பிய்த்த ரோத்தி சானாயைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மேடு தாண்டியதே எனக்குத் தெரியவில்லை ஐயா! கண்ணாடியில் மேடு பின்னால் போவதைப் பார்த்துத்தான் தாண்டிவிட்டோம் என்று நம்பினேன்.

காடி, 1990-ஆம் வருடத்து மெர்சிடிஸ் 190ஈ. ‘பேபி பென்ஸ்’ என்பார்களே, அது. பி எழுத்தில் தொடங்கும் பினாங்கு நம்பர், வெயிலில் வெளுத்த நீலம், இரண்டு லிட்டர் என்ஜின். பதினோரு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாங்கினேன். வீட்டில் ஒரு பெரோடுவாவும் இருக்கிறது. அது வேலைக்குப் போகிறது, இது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது என்பது என் மனைவியின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் சில பேருக்குக் கிளி, சில பேருக்குப் போன்சாய், எனக்கு இது.

நோய் மூன்று குரலில் பேசியது. மேட்டில் ஏறி இறங்கினால் பின் இருக்கைக்கு அடியில் ‘டுக்’. கியரை டி-யிலிருந்து ஆருக்குப் போட்டால், யாரோ முதுகில் உள்ளங்கையால் அறைந்த மாதிரி ‘தட்’. மூன்றாவதுக்குச் சத்தமே கிடையாது, அதுதான் பயங்கரம். பாலிக் பூலாவ் மலைப்பாதையில் ஒரு வளைவுக்கு நடுவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் இடுப்பை ஒரு வெட்டு வெட்டும். ஸ்டியரிங்கை நான் திருப்பவில்லை, ஆனால் காடி ஏதோ முடிவு எடுக்கிறது. மழை நாளில் இதை அனுபவித்தவர்களுக்கு உள்ளங்கை வேர்ப்பது தெரியும்.

பட்டறைக்கு எடுத்துப் போகாமல் இல்லை. ஒரு பட்டறையில் பின் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. இன்னொரு பட்டறையில் ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றினார்கள். இரண்டு நாள் சத்தம் வெட்கப்பட்டு ஒளிந்திருந்து மறுபடி வந்தது. மூன்றாவது இடத்தில் காடியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், “பழைய காடி, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். அந்த வாக்கியத்தை நான் மன்னிக்க மாட்டேன். பழையது என்பது நோயின் பெயரா?

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு மாமா. மாமா வெளியூர் டாக்சி ஓட்டியவர். பினாங்கிலிருந்து ஈப்போ, கோலாலம்பூர், அலோர் ஸ்டார் என்று, ஆள் நிறைந்தால் கிளம்பும் பழைய பென்ஸ் டீசல் டாக்சிகள் ஓடிய காலத்தில், அவரும் ஒன்றை வைத்திருந்தார். என் வயதுக்காரர்களுக்கு அந்த டீசல் என்ஜின் கடகடப்பு இன்னும் காதில் இருக்கும். ஒருநாள் மாலை நான் காடியை போர்ச்சுக்குள் ஏற்றும்போது, மதிலுக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

“என்னா தம்பி, பின்னால மவுண்டிங் போயிருச்சா?”

“அப்சார்பர் மாத்தியாச்சு மாமா. லிங்க்கும் மாத்தியாச்சு.”

“நான் அதைக் கேக்கல. சப்ஃபிரேம் மவுண்டிங். நாலு இருக்கும் பாரு, கூட்டை பாடியோட புடிச்சிருக்கிறது. தூக்கு, காட்டுறேன்.”

தூக்கினேன். மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, எழுபது வயதைக் கடந்தவர், தரையில் மல்லாந்து படுத்தார். ஒரு நீளக் கடப்பாரைத் துண்டை சப்ஃபிரேமுக்கும் காடியின் தரைக்கும் நடுவே நுழைத்து மெல்ல நெம்பினார். “நல்ல ரப்பருன்னா நெம்புனா கொஞ்சம் போகும், விட்டா திரும்ப வந்துடும். இதப் பாரு.” அவர் நெம்பியதும் அந்தக் கனத்த இரும்புக் கூடு அரை விரல் அளவுக்கு மேலே எழும்பி, மேல் தகட்டில் போய் முட்டியது. டுக்! அதே டுக். மூன்று வருடமாக நான் தேடிய குரல், ஒரு கிழவரின் மணிக்கட்டு அசைவில். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துருத் தூள் விழுந்ததும் ஒரு காரணம்.

இந்தக் காடியின் பின்புற அமைப்பு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். 190 வகை 1982 இறுதியில் வெளிவந்தபோது உலகமே குனிந்து பார்த்தது இதன் பின் சக்கரங்களுக்கு நடுவேதான். ஒவ்வொரு பின் சக்கரத்தையும் தனித்தனியாக ஐந்து கைகள் பிடித்திருக்கின்றன. ஒன்று முன்னால் போகாமல் தடுக்கும், ஒன்று பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும், ஒன்று சக்கரத்தின் முகம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அது நேராக நிற்க வேண்டிய கோணத்தை விட்டு நகரக் கூடாது என்பதற்காக இத்தனை பாடு. 1983-இல் இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் இதன் பந்தய வகை 50,000 கிலோமீட்டரை மணிக்குச் சராசரியாக 247.9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி முடித்தது. 1984 மே மாதம் ஜெர்மனியில் புதிய நூர்பர்க்ரிங் பாதையின் திறப்புப் பந்தயத்தில், எல்லாருக்கும் ஒரே மாதிரி 190 கொடுத்து ஓடவிட்டார்கள். பெரிய பெரிய சாம்பியன்கள் நடுவே, நிக்கி லௌடாவை இரண்டாவதாகத் தள்ளி ஜெயித்தது அயர்டன் சென்னா என்ற 24 வயதுப் பையன். அதே ஐந்து கைகள்தான் ஜெலுத்தோங்கில் என் போர்ச்சிலும் நிற்கின்றன!

ஆனால் அந்தப் பத்துக் கைகளும் எதில் போய்ப் பூட்டப்பட்டிருக்கின்றன? சப்ஃபிரேமில். டிஃபரன்ஷியலும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கூடு காடியின் உடலை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் நான்கு மூலையிலும் நான்கு ரப்பர் மவுண்டிங். சாலையின் இரைச்சலும் பல்சக்கரத்தின் முனகலும் அந்த ரப்பரிலேயே செத்துவிட வேண்டும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வரக் கூடாது. அந்த நான்கும் தளர்ந்துவிட்டால்? கைகள் சக்கரத்தை அப்படியே மயிரிழை பிசகாமல் பிடித்திருக்கும், ஆனால் கைகளைப் பிடித்திருக்கும் கூடே மொத்தமாகத் திரும்பும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் கூடு ஒரு பக்கம் சாயும், காலை எடுத்தால் மறுபக்கம். பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து காடியைத் திருப்பும். பாலிக் பூலாவ் வளைவில் காடி இடுப்பை வெட்டியது இதனால்தான். தூணெல்லாம் தேக்கு, ஆனால் அஸ்திவாரம் ஆடுகிறது.

சாமான் வாங்கப் போன கதை சின்னது. உதிரிச் சாமான் கடைத் தவுக்கே என் முகத்தைப் பார்த்து, “ஒன் நைன் ஓ ஆ? சத்து செட் எம்பாட் லா” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய், தூசி ஊதிய நான்கு பெட்டிகளோடு வந்தார். ஜெர்மன் சாமான், நான்கும் சேர்த்து 500 வெள்ளிக்குள். நான் அப்சார்பருக்குக் கொட்டியது இதைவிட இரண்டு மடங்கு! இரண்டு யோசனை மட்டும் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் ‘ஹாஃப்-கட்’ பழைய காடியிலிருந்து என்ஜின் வாங்குங்கள், கியர்பாக்ஸ் வாங்குங்கள், கதவு வாங்குங்கள். ரப்பர் வாங்காதீர்கள். அதுவும் உங்கள் ரப்பரின் வயதுதான். அடுத்து, பாலியூரித்தேன் புஷ் என்று பளபளக்கும் நிறங்களில் விற்பார்கள். பந்தயம் ஓடுகிறவர்களுக்கு நல்லது. என் மாதிரி, மாமியாரைப் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்குப் போகிறவனுக்கு வேண்டாம். அது அசையாது, ஆனால் சத்தத்தையும் விழுங்காது.

பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனையைச் சொல்ல வேண்டும். புது ரப்பர் வாசனை. எனக்கு அது பாட்டியின் வாசனை. கெடாவில் ஒரு தோட்டத்தில் பாட்டி பால் வெட்டினார். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய், மரத்துக்கு மரம் கத்தியால் சீவி, மங்கில் சொட்டும் பாலை வாளியில் சேர்த்து வருவார். குளித்துவிட்டு வந்து என்னைத் தூக்கினாலும் ஒட்டுப்பால் நாற்றம் கையை விட்டுப் போகாது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்குப் பசியெடுக்கும், ஏனென்றால் அந்தக் கை வந்தால் சோறு வரும். ஜெர்மன் பெட்டிக்குள்ளிருந்து அந்தக் கை நீண்டது போல் இருந்தது.

உணர்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த மாதிரி மவுண்டிங்குக்கு இன்றைக்கும் மரத்துப் பால் ரப்பரைத்தான் நம்புகிறார்கள். காரணம் அழகானது. இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் நூல்கள் வரிசையாக நின்று படிகம் போல் இறுகிக்கொள்கின்றன. சின்னதாக ஒரு விரிசல் விட்டால், விரிசலின் நுனியில்தான் இழுவை அதிகம், அங்கேதான் இறுக்கமும் அதிகமாகும். விரிசல் மேலே போக முடியாமல் திகைத்து நிற்கும். விட்டுவிட்டால் பழையபடி மெத்தென்று ஆகிவிடும். லட்சக்கணக்கான தடவை நசுங்கியும் நீண்டும் பிழைத்திருப்பது இதனால்தான். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடுகாட்டி ரப்பரைப் பக்குவப்படுத்தாவிட்டால் இதெல்லாம் வெயிலில் இளகிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். எதிரிகள் மூன்று: வெப்பம், காற்றிலுள்ள ஓசோன், எண்ணெய். பினாங்கு வெயிலில் 35 வருடம் நின்ற காடி. அதிலும் என் டிஃபரன்ஷியல் கசிந்து வலது பின் மவுண்டிங் எண்ணெயிலேயே ஊறியிருந்தது. (கசிவை முதலில் அடைத்தேன். அடைக்காமல் புதுசு மாட்டுவது ஓட்டை வாளிக்குப் பெயின்ட் அடிப்பது.)

ஆயுதம் சேர்த்தது லோரோங் கூலிட்டில். நகர விளையாட்டரங்கத்தை ஒட்டிக் காலையில் கூடும் அந்தப் பழைய சாமான் சந்தையை நான் காதலிக்கிறேன். பழைய ரேடியோ, ஒற்றைச் செருப்பு, யாருடைய கல்யாண ஆல்பமோ, அதற்கு நடுவே துணி விரித்துச் சாக்கெட்டுகள். ஒரு நீளப் பவர் பார் பேரம் பேசி வாங்கினேன், கனத்த இரும்புக் குழாய்த் துண்டுகள் இரண்டு கிடைத்தன. மவுண்டிங்கை இழுத்தெடுக்க பென்ஸ் பட்டறையில் தனிக் கருவி உண்டு. நமக்கு அது மரையுள்ள நீளக் கம்பி, இரண்டு நட்டு, கனத்த வாஷர், மவுண்டிங்கைவிட ஒரு சுற்றுப் பெரிதான குழாய்த் துண்டு. நட்டை முறுக்க முறுக்கக் கம்பி மவுண்டிங்கைக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். கிணற்றுக் கயிறு மாதிரி, தத்துவம் அவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமை. போர்ச் தரை ஓடு, ஜேக் ஸ்டாண்ட் உடைத்துவிடும் என்று பலகை போட்டேன். டிஃபரன்ஷியலுக்கு அடியில் ட்ராலி ஜேக் வைத்துத் தூக்கி, காடியின் உடலை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஸ்டாண்ட் நிற்க வேண்டியது உடலுக்கு அடியில், சப்ஃபிரேமுக்கு அடியில் அல்ல. கழற்றப் போவதே அதைத்தானே. ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கிறவர்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது. என் பன்னிரண்டு வயது மகன் டார்ச் பிடித்தான், மாமா மதில் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு மேற்பார்வை.

ஒவ்வொரு மவுண்டிங்குக்கும் நடுவே ஒரு நீள போல்ட், கீழிருந்து மேலே உடலுக்குள் ஏறுகிறது. மூன்று நாளாக மாலையில் டபிள்யூ-டி 40 அடித்து ஊறவைத்திருந்தேன். பவர் பாரை மாட்டி, சுவரில் காலை உதைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. “அவசரப்படாத, அது தூங்குது” என்றார் மாமா. குழாய்த் துண்டைப் பாரில் செருகி நீளம் கூட்டி இழுத்தபோது, கிர்ர்ர் என்று ஒரு பழைய கதவு திறக்கும் சத்தம். 35 வருடமாக அசையாத போல்ட் நகர்ந்தது! என் மகன் கைதட்டினான், டார்ச் கீழே விழுந்து உருண்டு சாக்கடைப் பக்கம் போனது.

ஒரு பக்கத்து இரண்டு போல்ட்டைத் தளர்த்தி மறுபக்கத்தை அப்படியே விட்டால், கூடு ஒரு தோளை மட்டும் தாழ்த்தும், இடம் மாறாது. நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அதைத் திரும்ப ஓட்டைக்கு நேராகக் கொண்டுவருவதற்குள் தீபாவளி வந்துவிடும். ஜேக்கை மெல்ல இறக்க இறக்க, பிரேக் ஹோஸ் இறுகுகிறதா என்று கண் அங்கேயே இருக்க வேண்டும். கை பிரேக் கேபிள், எக்ஸாஸ்ட்டைத் தொங்கவிட்டிருக்கும் வளையம், எல்லாம் அதே வரிசையில்.

பிறகு என் முட்டாள்தனம். ஹார்ட்வேர் கடையில் கிடைத்த மலிவான மரைக் கம்பியை வாங்கியிருந்தேன். இளம் இரும்பு. மவுண்டிங் பாதி வெளியே வந்த நேரத்தில் மரை சீவிக்கொண்டு போய்விட்டது. நட்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கம்பியை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தெடுக்கவே ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஐந்து மணி மழை, போர்ச்சுக்குள் சாரல், தண்ணீர் என் முதுகுக்கடியில் ஓடுகிறது. மனைவி வாசலில் வந்து நின்றாள். “ஏங்க, காடி இன்னைக்கு எழுந்திரிக்குமா, இல்ல துணி மூடிடலாமா?” என்றாள். துணி மூடினோம். மறுநாள் காலையில் கடினக் கம்பி வாங்கி, மரையில் கிரீஸ் தடவி முறுக்கினேன். இருபது நிமிடத்தில் பொத்தென்று என் மார்பில் வந்து விழுந்தது அது.

அந்தப் பழைய மவுண்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவிலிருக்கும் உலோகக் குழல் வட்டத்தின் நடுவில் இல்லை, ஒரு ஓரமாகச் சரிந்து, தூக்கத்தில் தலையணையை விட்டு நழுவியவன் மாதிரி கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். வெளித்தோல் கருவாடு மாதிரி வெடித்து, வெடிப்புக்குள்ளே செம்மண் நிறத்தில் துருப்பொடி. ஒரு பக்கம் ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தது. காகிதத்தை நுழைத்தால் உள்ளே போனது. புதுசைப் பக்கத்தில் நிறுத்தினேன். மகன் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இது எட்டு மில்லிமீட்டர் குள்ளம்” என்றான். எட்டு மில்லிமீட்டர்! பின்பக்கம் கொஞ்சம் குனிந்த மாதிரி இருக்கிறதே, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி இதுதான்.

புதுசை ஏற்ற எண்ணெயோ கிரீஸோ தொடக் கூடாது, முன்பே சொன்னேனே, எதிரி. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் போதும். அதே கம்பி, அதே குழாய், இப்போது எதிர்த் திசையில். பாதி வரை முரண்டு பிடித்துப் பிறகு ‘ப்ளப்’ என்று உட்காரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் நாலு காடிக்கு மாற்றத் தயார்! முதல் மவுண்டிங்குக்கு ஒன்றரை நாள் எடுத்தேன். இரண்டாவதுக்கு மூன்று மணி நேரம். அடுத்த சனிக்கிழமை வலது பக்கத்து இரண்டும் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தன. எண்ணெயில் ஊறிய அந்த நாலாவது மட்டும் கழன்று வரவில்லை, அழுகிய பலாச்சுளை மாதிரி துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது. போல்ட்டுகளின் மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் துலக்கி, கையால் சில சுற்று ஓட்டிப் பார்த்து, பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைத்துக் கைநூலில் போட்ட அளவுக்கு இறுக்கினேன். ஐந்து கைகளின் புஷ்களை நான் தொடவில்லை. தொட்டிருந்தால் காடி தன் சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கினால் புது ரப்பர் முறுக்கியபடியே வாழ்ந்து சீக்கிரம் சாகும்.

பள்ளிக்கூட மேட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அதோடு நின்றேனா? அன்று மாலையே தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங், அங்கிருந்து மலை ஏறி பாலிக் பூலாவ். வளைவுக்கு நடுவே வேண்டுமென்றே காலை எடுத்தேன். காடி மெல்ல வேகம் குறைந்தது, அவ்வளவுதான். இடுப்பு வெட்டு இல்லை! நான் காட்டிய இடத்துக்குப் போகிறது, காட்டாத இடத்துக்குப் போகவில்லை. கியர் மாற்றினால் முதுகில் அறை இல்லை. சாலையின் கரகரப்புகூட அடுத்த அறையில் ஓடும் வானொலி மாதிரி தள்ளிப் போய்விட்டது. முன்னால் எங்கோ லோவர் ஆர்மில் ஒரு கீச்சு இருப்பதே இப்போதுதான் எனக்குக் கேட்டது. பெரிய சத்தம் போனால்தானே சின்னது வாய் திறக்கும். சந்தோஷம், அடுத்த சனிக்கிழமைக்கு வேலை ஆயிற்று.

மறுநாள் ஞாயிறு. இரண்டாவது பாலத்தில் போக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். 2014 மார்ச் 1-ஆம் தேதி திறந்த பாலம், மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேல் மட்டும் 16.9. அதன் தூண்களுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது தெரியுமா? ரப்பர்! மலேசிய இயற்கை ரப்பரில் செய்த தாங்கிகள், சுமத்ரா பக்கம் பூமி குலுங்கினாலும் குலுக்கல் மேல்தளத்துக்கு முழுசாக ஏறாமல் இடையில் விழுங்குவதற்காக. இந்த வித்தையை நம் ரப்பர் ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் இருந்த தங்கள் கூடத்தில் வளர்த்தெடுத்தார்கள். 1985-இல் கலிஃபோர்னியாவில் ரான்சோ குகமோங்கா என்ற ஊரின் நீதிமன்றக் கட்டடத்தை அப்படிப்பட்ட ரப்பர்மேல் உட்காரவைத்தார்கள். அமெரிக்காவிலேயே அப்படி எழுந்த முதல் கட்டடம் அது. பாட்டியின் மங்கில் சொட்டிய பால் எங்கெல்லாம் போய்ப் பாரம் சுமக்கிறது! பாலம் ரப்பர்மேல், பாலத்துமேல் சக்கரம், சக்கரத்துமேல் கூடு, கூட்டுக்குமேல் மறுபடி ரப்பர், அதற்குமேல் நான். இதை வண்டியில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மகன் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

அந்தப் பயணத்துக்கு மாமாவையும் கூப்பிட்டிருந்தேன். முன் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பின் கதவைத் திறந்து, வலது பக்கம், நாலாவது மவுண்டிங்குக்கு நேர் மேலே உட்கார்ந்துகொண்டார். பாலத்தின் இணைப்புகள் சக்கரத்துக்கடியில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பத்து கிலோமீட்டர் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையை இருக்கைமேல் விரித்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, சத்தம் ஏதும் கேக்குதா?”

“இல்ல தம்பி. முப்பது வருஷம் முன்னாலயே உக்காந்து ஓட்டிட்டேன். பின்னால எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

பத்து காவானில் இறங்கித் தேநீர் குடித்தோம். திரும்பும்போதும் அவர் பின்னால்தான் ஏறினார்.